வேலையைத் தட்டிக்கழித்த யென்ஸ்: ஒரு நார்வே நகைச்சுவைப் படத்தின் பின்னணி

1958-இல் நார்வேயில் 'புஸ்டன்ஷோல்ட்' என்றொரு நகைச்சுவைப் படம் வெளிவந்தது. இயக்கியவர் ஹெல்கெ லுண்டெ. நாயகனாக நடித்தவர் லெய்ஃப் யூஸ்டர், அந்த நாட்டின் மிகப் பெரிய நகைச்சுவை நடிகர்களில் ஒருவர். கதை ஒரு கிராமத்தில் நடக்கிறது. மேலே பெரும் பண்ணைக்காரர்கள். அவர்களுக்குக் கீழே, அவர்களுடைய நிலத்தின் ஓரத்தில் குடிசை போட்டு வாழும் குடியானவர்கள். அவர்களுக்கும் கீழே, ஊர் ஊராக அலையும் நாடோடிகள். நாயகன் யென்ஸ் ஃபோன் புஸ்டன்ஷோல்ட் நடு அடுக்கைச் சேர்ந்தவன். அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு லட்சியம்தான்: எப்பாடுபட்டாவது வேலை செய்யாமல் தப்பித்துவிடுவது.

சோம்பேறி ஒருவனை வைத்துச் சிரிக்கவைப்பது உலகெங்கும் உள்ள பழைய உத்தி. இந்தப் படத்தையும் அப்படி எண்ணிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் விஷயம் வேறாகிவிடுகிறது. யென்ஸ் தட்டிக்கழிக்கும் வேலை யாருடைய வேலை? அவனுடைய சொந்த வயலிலா, அடுத்தவர் வயலிலா? இதற்குப் பதில் தெரிந்த நார்வேக்காரர்கள் சிரித்த சிரிப்பும், தெரியாத நாம் சிரிக்கும் சிரிப்பும் ஒன்றாக இருக்க முடியாது. அந்தப் பதிலுக்காகக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

யென்ஸ் ஒரு 'ஹுஸ்மன்'. நார்வேயின் கிராம வரலாற்றில் இந்த மனிதனைப் போல முக்கியமானவனும் இல்லை, நெடுங்காலம் கண்ணில் படாமல் போனவனும் இல்லை. பண்ணை உரிமையாளரிடமிருந்து ஒரு துண்டு நிலத்தைப் பெற்று, அதில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவன் அவன். ஒன்றிரண்டு மாடு, சில ஆடுகள், கொஞ்சம் உருளைக்கிழங்கு, கொஞ்சம் தானியம், அவ்வளவுதான் அவனுடைய உலகம். அந்த நிலத்துக்கு ஈடாக அவன் பண்ணையில் வேலை செய்துகொடுக்க வேண்டும். எத்தனை நாள், எந்தப் பருவத்தில், என்ன கூலிக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். பல இடங்களில் அந்த ஒப்பந்தம் வாய்ப்பேச்சோடு சரி. கூலி உண்டு, ஆனால் வெளியாள் ஒருவனுக்குத் தரவேண்டிய கூலியைவிடக் குறைவு. நம்மூர்க் குத்தகைதாரருக்கும் பண்ணையாளுக்கும் இடையில் எங்கோ இவனை வைத்துப் பார்க்கலாம். பயிரில் பங்கு கேட்டு யாரும் வருவதில்லை. அவனுடைய நாள்களைக் கேட்டு வருகிறார்கள்.

அறுவடைக் காலத்தில்தான் இதன் கசப்பு முழுதாகத் தெரியும். பண்ணைக்காரருக்கு எந்த வாரத்தில் ஆள் தேவையோ, அதே வாரத்தில்தான் ஹுஸ்மனின் சிறு வயலும் அவனைக் கூப்பிடும். நார்வேயின் கோடை குறுகியது. வெயில் இருக்கும்போதே புல்லை அறுத்து உலர்த்தாவிட்டால் குளிர்காலத்தில் மாடு பட்டினி கிடக்கும். பகல் முழுவதும் பண்ணைக்கு உழைத்துவிட்டு, இரவு வெகுநேரம் நீடிக்கும் அந்த வடநாட்டு வெளிச்சத்தில் தன் வயலுக்குத் திரும்பிய ஹுஸ்மன்களின் கதை அங்கே தலைமுறைகளாகச் சொல்லப்படுகிறது. பல ஒப்பந்தங்களில் மனைவியின் உழைப்பும் சேர்ந்தே எழுதப்பட்டிருந்தது.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பது இன்னும் சுவாரசியமானது. வேற்று இனத்தவரோ, வேற்று மதத்தவரோ, பிடித்துவரப்பட்டவர்களோ கிடையாது. பெரும்பாலும் பண்ணைக்காரர்களின் சொந்த ரத்தம். நார்வேயின் மரபுரிமைச் சட்டப்படி மூத்த மகன் பண்ணையைப் பிரிக்காமல் முழுதாக எடுத்துக்கொள்ளலாம். நல்ல நிலம் மிகக் குறைவாக உள்ள மலைநாட்டில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. ஆனால் இளையவர்கள் எங்கே போவார்கள்? அடுத்த பண்ணையில் பெண் எடுக்க முடிந்தவன் பிழைத்தான். முடியாதவன் ஒரு தலைமுறையில் இல்லாவிட்டால் இரண்டு தலைமுறையில் ஹுஸ்மன் ஆனான்.

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை பெருகியபோது இந்தச் சறுக்கல் பெருவெள்ளமானது. 1801-இல் சுமார் 8.8 லட்சமாக இருந்த நார்வேயின் மக்கள்தொகை 1865-இல் 17 லட்சம். அமைதி, அம்மைத் தடுப்பூசி, உருளைக்கிழங்கு என்று மூன்றைக் காரணமாகச் சொல்வார்கள். பிழைத்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க நிலம் இல்லை. 1850-களில் நிலத்துண்டு பெற்ற ஹுஸ்மன் குடும்பங்கள் 60,000-ஐத் தாண்டிவிட்டன. இன்னும் கீழே, நிலமே இல்லாமல் வீடு மட்டும் உள்ளவர்களும் பல ஆயிரம் பேர்.

ஒரே தேவாலயம், ஒரே மொழி, தோண்டிப் பார்த்தால் ஒரே பாட்டன். இப்படிப்பட்ட இருவருக்கிடையே உயர்வு தாழ்வை எப்படிக் காப்பாற்றுவது? சடங்குகளால்தான். நாட்டின் கிழக்குப் பகுதியில், குறிப்பாக ஹெட்மார்க் வட்டாரத்தின் பெரும் பண்ணைகளில், வீட்டார் ஒரு மேசையிலும் வேலைக்காரர்கள் வேறு மேசையிலும் சாப்பிட்டார்கள். பண்ணையின் தானியக் களஞ்சியத்தின் மேல் சிறு கோபுரம் கட்டி மணி தொங்கவிட்டார்கள். வேலைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த மணிதான் அழைக்கும். பண்ணைக்காரர் மகள் ஹுஸ்மன் மகனை விரும்பினால் அது ஊரையே உலுக்கும் சேதி. மேற்குக் கடற்கரையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. அங்கே பண்ணைகள் சிறியவை, கடலில் மீன் இருந்தது, பலர் உழைப்புக்குப் பதில் பணமாகக் குத்தகை கட்டினார்கள். ஆகவே ஹுஸ்மன் என்று பொதுவாகச் சொன்னாலும், வர்க்கப் பகைமையும் அதிலிருந்து பிறந்த இலக்கியமும் பெருமளவு கிழக்கின் சொத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நார்வே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை 'சுதந்திர விவசாயியின் நாடு' என்பது. அதில் உண்மையும் உண்டு. ஐரோப்பாவின் பல பகுதிகளைப் போல அங்கே பண்ணையடிமை முறை வேரூன்றவில்லை. பிரபுக்கள் எண்ணிக்கையில் சொற்பம். 1821-லேயே நாடாளுமன்றம் பிரபுப் பட்டங்களை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1814 அரசியலமைப்பு விவசாயிக்கு வாக்குரிமை தந்தது, அன்றைய ஐரோப்பாவில் அது பெரிய துணிச்சல். ஆனால் அந்த வாக்குரிமை, பதிவேட்டில் தனியாக ஏறிய நிலத்தைச் சொந்தமாகவோ குத்தகையாகவோ வைத்திருப்பவனுக்குத்தான். ஹுஸ்மனின் துண்டு நிலம் பண்ணையின் கணக்கிலேயே அடங்கியிருந்தது. அதனால் அவன் பெயர் வாக்காளர் பட்டியலில் இல்லை. ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை 1898-இல்தான் வந்தது, பெண்களுக்கு 1913-இல். அப்போதும் ஏழைகளுக்கான உதவித்தொகை வாங்கியவர்களுக்கு வாக்கு மறுக்கப்பட்டது; அந்தத் தடை நீங்க 1919 ஆயிற்று. சுதந்திர விவசாயியின் பெருமைக்கு அடியில் வாக்கில்லாத ஒருவன் உழைத்துக்கொண்டிருந்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், யென்ஸின் பெயரில் ஒட்டியிருக்கும் 'ஃபோன்' என்ற பிரபுக் குல முன்னொட்டு எவ்வளவு துடுக்கானது என்பது விளங்கும். பட்டங்கள் ஒழிந்த நாட்டில், கடைசி வரிசையில் நிற்பவன் தனக்கொரு பட்டத்தோடு திரிகிறான்.

ஹுஸ்மன்கள் பொறுத்துக்கொண்டே இருந்துவிடவில்லை. 1848 டிசம்பரில் திராம்மன் நகரில் மார்க்கூஸ் திரானெ என்ற இளம் பத்திரிகையாளர் ஒரு தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் நாடு முழுக்கச் சுமார் 400 சங்கங்கள், 30,000 உறுப்பினர்கள் என்று அது பரவியது. நகரத் தொழிலாளர்களுக்கு இணையாகக் கிராமத்து ஹுஸ்மன்களும் அதில் சேர்ந்தார்கள் என்பதுதான் ஆட்சியாளர்களைப் பயமுறுத்தியது. எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை, தானிய இறக்குமதி வரி நீக்கம், ஹுஸ்மன்களின் நிலையை மேம்படுத்துதல் என்று 1850-இல் மன்னர் முதலாம் ஆஸ்காருக்குப் பல ஆயிரம் கையெழுத்துகளோடு மனு போயிற்று. 1851 ஜூலையில் திரானெ கைதானார். நெடுநாள் சிறையில் இருந்துவிட்டு, பிறகு அமெரிக்காவுக்குப் போய், 1890-இல் அங்கேயே இறந்தார். அவர் கைதாகி மூன்று மாதத்துக்குள் ஹுஸ்மன் சட்டம் ஒன்று வந்தது. ஒப்பந்தங்கள் எழுத்தில் இருக்கவேண்டும் என்றது. இயக்கத்தை நசுக்கிய கையோடு அதன் கோரிக்கையில் ஒரு கிள்ளு மட்டும் கொடுத்தார்கள் என்றே நான் வாசிக்கிறேன்.

அதற்குப் பிறகு ஹுஸ்மன்கள் கண்ட வழி கப்பல். 1825-இல் தொடங்கி அடுத்த நூறு ஆண்டுகளில் சுமார் எட்டு லட்சம் பேர் நார்வேயைவிட்டு வட அமெரிக்காவுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் கிராமத்து நிலமற்றவர்களும் சிறு நிலக்காரர்களும். பண்ணையில் இயந்திரங்கள் வந்தன, ஆள் தேவை குறைந்தது, நகரங்களில் ஆலைகள் வந்தன. ஹுஸ்மன் முறை சண்டையில் செத்ததைவிட ஆள் இல்லாமல் செத்தது என்று சொல்வது பொருத்தம். 1928-இன் நிலச்சட்டம் மிச்சமிருந்தவர்களுக்குத் தங்கள் துண்டு நிலத்தை விலைகொடுத்து வாங்கும் உரிமையைக் கொடுத்தது. படம் வருவதற்கு வெறும் 30 ஆண்டுகளுக்கு முன்! 1958-இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்த பலருடைய தாத்தாவோ அப்பாவோ ஹுஸ்மனாக இருந்தவர்.

சரி, இந்த மனிதனைக் கலை எப்படிப் பார்த்தது? முதலில் ஏக்கத்தோடு. பியோர்ன்ஸ்தியேர்ன பியோர்ன்சன் 1860-இல் எழுதிய 'மகிழ்ச்சியான பையன்' என்ற கதையில் ஹுஸ்மன் மகன் ஓய்விண்ட், பெரிய பண்ணைக்காரரின் பேத்தியை விரும்புகிறான். விவசாயப் பள்ளியில் படித்து, திறமை காட்டி, அவளைக் கைப்பிடிக்கிறான். நன்றாக உழைத்தால் மேலே வரலாம் என்ற நம்பிக்கை அந்தக் கதை முழுக்க இருக்கிறது. 1920-இல் ராஸ்முஸ் பிரைஸ்டைன் எடுத்த 'ஃபான்டெ ஆன்னெ' என்ற மௌனப் படம் அதைவிட நேர்மையானது என்பேன். பண்ணையில் வளர்ந்த அநாதைப் பெண் ஆன்னெவை விரும்பிய பண்ணை மகன், தாயின் சொல்கேட்டு வசதியான வீட்டுப் பெண்ணை மணக்கத் துணிகிறான். ஆத்திரத்தில் ஆன்னெ அவனுடைய புது வீட்டுக்குத் தீ வைக்கிறாள். அவளை மனதார நேசிக்கும் ஹுஸ்மன் யோன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு சிறைக்குப் போகிறான். கடைசியில் அவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிறார்கள். கதை சோகமா, சுபமா என்று சொல்ல முடியாத முடிவு. ஊருக்குள் அவர்களுக்கு இடமில்லை என்பதைப் படம் மறைக்கவில்லை.

இந்த இரண்டிலும் ஹுஸ்மன் நல்லவன், உழைப்பவன், தியாகி. பார்ப்பவரின் பரிவைப் பெறும் தகுதி அவனுக்கு இருந்தாகவேண்டும். யென்ஸுக்கு அப்படி எந்தத் தகுதியும் கிடையாது. அவன் திரையில் பிறந்தவனும் இல்லை. சிகுர்ட் லீபெக் எழுதிய கதைகளில் தோன்றி, 1930-களில் யென்ஸ் ஆர். நில்சனின் ஓவியத்தில் படக்கதை நாயகனானவன். வெளிவந்த இதழ்தான் கவனிக்க வேண்டியது: 'அர்பைடர்மகசினெ', அதாவது தொழிலாளர் இதழ். 1927-இல் தொழிலாளர் இயக்கத்தின் மண்ணில் முளைத்த பத்திரிகை அது. பிற்பாடு 'எல்லோருக்குமான இதழ்' என்று பெயர் மாறி, நாடெங்கும் வீடுகளுக்குள் போயிற்று. நார்வேயில் கிறிஸ்துமஸ் சமயத்தில் படக்கதைத் தொகுப்புகளை வாங்குவது குடும்ப வழக்கம். அந்தத் தொகுப்புகளிலும் யென்ஸ் இடம்பிடித்தான்.

இங்கேதான் எனக்கு இந்த விஷயத்தின் மையம் இருப்பதாகத் தோன்றுகிறது. தொழிலாளர் இயக்கம் உழைப்பைப் புனிதமாகக் கருதிய இயக்கம். 'கடமையைச் செய், உரிமையைக் கேள்' என்பது அதன் முழக்கம். அப்படிப்பட்ட இயக்கத்தின் வாசகர்கள், கடமையைக் கண்டாலே ஓடுகிற ஒருவனை ஏன் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்? அவன் ஏமாற்றுவது யாரை என்று அவர்களுக்குத் தெரியும். ஆலைத் தொழிலாளி தன் தோழனின் வேலையைத் தட்டிக்கழித்தால் அது துரோகம். ஹுஸ்மன் பண்ணை மணியைக் காதில் வாங்காமல் படுத்துக்கிடந்தால் அது வேறு. அவனிடம் நிலமில்லை, நெடுங்காலம் வாக்கில்லை, பேரம் பேசும் பலமில்லை. அவனுக்கென்று இருந்தது அவனுடைய நாள்கள் மட்டுமே, அவையும் ஒப்பந்தத்தில் அடகு. அந்த நாள்களில் ஒன்றைத் திருப்பி எடுத்துக்கொண்டவனைப் பார்த்து, அப்பா ஒருமுறைகூட அப்படிச் செய்யத் துணியாததை எண்ணி, பிள்ளைகள் சிரித்தார்கள்.

அரசியலும் அதற்குத் தோதாக இருந்தது. 1933 தேர்தலில் தொழிலாளர் கட்சி 'நகரமும் கிராமமும் கைகோத்து' என்ற முழக்கத்தோடு கிராமத்து ஏழைகளைத் தேடிப்போயிற்று. 1935-இல் விவசாயிகள் கட்சியோடு ஓர் உடன்பாடு செய்து ஆட்சியையும் பிடித்தது. கோடாரியால் பிளந்ததுபோல் இருந்த பண்ணைக்காரர் தரப்பும் உழைப்பாளர் தரப்பும் ஒரே அரசைத் தாங்கவேண்டி வந்தது. அந்தக் காலத்தில் கிராமத்து வர்க்கப் பகையைப் பேச நகைச்சுவையைவிடப் பாதுகாப்பான இடம் இருந்திருக்காது.

மூன்றாவது அடுக்கான நாடோடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். படங்களில் அவன் கவலையற்ற ஆள், வழிப்போக்கன், கதை சொல்லி. நிஜத்தில் நார்வே அவனைக் கடுமையாகத் துரத்தியது. 1900-இல் வந்த அலைந்து திரிவோர் சட்டம், வேலையின்றிச் சுற்றுபவர்களையும் குடித்துவிட்டுத் தெருவில் கிடப்பவர்களையும் பிடித்துக் கட்டாய உழைப்புக்கு அனுப்ப வழிசெய்தது. யாரென் வட்டாரத்தின் ஒப்ஸ்டாட் உழைப்புச் சிறை அதற்குப் பேர்போனது. 'புஸ்டன்ஷோல்ட்' வெளிவந்தபோது அந்தச் சட்டம் உயிரோடிருந்தது. குடித்ததற்காகச் சிறையில் வைப்பது 1970-இல்தான் நின்றது. ஹுஸ்மனைப் பார்த்துச் சிரித்தவர்கள் கடந்துபோன ஒன்றைப் பார்த்துச் சிரித்தார்கள், நாடோடியைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த வேறுபாடு எனக்கு உறுத்துகிறது.

படம் வந்த ஆண்டுக்கு வருவோம். போர் முடிந்த 1945-இல் நார்வேயின் கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பொதுத் திட்டத்தை வெளியிட்டன. அதன் தலைப்பு 'எல்லோருக்கும் வேலை'. 1954-இல் அரசியலமைப்பிலேயே ஒரு திருத்தம் வந்தது: உழைக்க வல்ல ஒவ்வொருவரும் தன் உழைப்பால் வாழ்வதற்கான சூழலை உருவாக்குவது அரசின் பொறுப்பு. ஐனார் கெர்ஹார்ட்சன் தலைமையில் தொழிலாளர் கட்சி தனிப்பெரும்பான்மையோடு ஆண்டுகொண்டிருந்தது. வீடுகள், ஆலைகள், அணைகள் என்று நாடே கட்டுமான வேலையில் மூழ்கியிருந்தது. குதிரை போய் டிராக்டர் வந்துகொண்டிருந்தது. இவ்வளவு கடுமையாக உழைத்த ஒரு நாட்டில், நான்கு ஆண்டுகளுக்கு முன் வேலையை அரசியலமைப்பில் எழுதிவைத்த ஒரு நாட்டில், வேலையே செய்யாத ஒருவன் திரைக்கு வருகிறான். பழைய வாசகர்களுக்கு அவன் பண்ணைக்காரரை ஏமாற்றியவன். புதிய பார்வையாளர்களுக்கு, களைத்துப்போன தங்களுக்காகச் சற்று நேரம் ஓய்வெடுத்துக்கொடுத்தவன். பொருள் நகர்ந்துவிட்டது.

அந்த நகர்வில் யூஸ்டருக்கும் பங்குண்டு. அவர் தலைநகர் ஓஸ்லோவில் பிறந்து, நகைச்சுவை மேடையில் வளர்ந்தவர். எடர்காப்பன் என்ற அரங்கைப் பல ஆண்டுகள் நடத்தியவர். முந்தைய ஆண்டுதான் எடித் கார்ல்மார் இயக்கிய 'ஃபியோல்ஸ் தில் ஃபியெல்ஸ்' என்ற மலை விடுதி நகைச்சுவையில் நாடே சிரிக்க நடித்திருந்தார். நெடுநெடு உயரம், கையும் காலும் எங்கே போவதென்று தெரியாமல் தடுமாறும் உடம்பு. மக்கள் யூஸ்டரைப் பார்க்க வந்தார்கள், ஹுஸ்மனை அப்புறம்தான் பார்த்தார்கள். பெரிய நட்சத்திரம் ஒரு வர்க்கத்தின் உடையைப் போட்டுக்கொள்ளும்போது இது நடந்தே தீரும். தொலைக்காட்சி நார்வேயில் முறைப்படி தொடங்கியது 1960-இல்தான் என்பதால், இந்தப் படங்கள்தாம் அன்று குடும்பத்தோடு போய்ச் சிரிக்கும் இடம்.

உள்ளிருந்து எழுதப்பட்ட சிரிப்பு எப்படி இருக்கும் என்று அறிய ஆல்ஃப் பிரொய்சனிடம் போகவேண்டும். ரிங்சாக்கர் பகுதியின் ருட்ஸ்ஹோக்டாவில் ஹுஸ்மன் வீட்டில் 1914-இல் பிறந்தவர், பண்ணைகளில் கூலிவேலை செய்தவர், பின்னாளில் நாட்டின் மிகப் பிரியமான பாடலாசிரியரும் குழந்தைக் கதாசிரியரும் ஆனவர். பெரியவர்களுக்காக அவர் எழுதிய ஒரே நாவல், 1950-இல் வந்த 'விளக்கில் சிக்கிய பாடும்பறவை'. நகரத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் ஓர் ஏழைப் பெண்ணின் கண்வழியே ஹெட்மார்க் கிராமத்தை அது காட்டுகிறது. 1955-இல் படமாகவும் வந்தது. அதிலும் சிரிப்பு உண்டு, ஆனால் யார் யாருடைய மேசையில் உட்காரலாம் என்ற கணக்கு ஒரு கணமும் மறக்கப்படுவதில்லை. அங்கே பெண்கள் இருக்கிறார்கள். யென்ஸின் சோம்பலைக் கொண்டாடும் மரபு மறந்துபோனது அவர்களைத்தான். நிஜ ஹுஸ்மன் ஒருவன் பண்ணை வேலைக்குப் போகாமல் படுத்துக்கிடந்திருந்தால் அந்தப் பாரம் மனைவியின் தோளிலும் பிள்ளைகளின் தோளிலும் இறங்கியிருக்கும், அல்லது குடும்பமே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டிருக்கும்.

பழைய நார்வேப் படங்களைத் தேடிப் பார்க்கும் வழக்கமுள்ளவர்கள் 'ஃபான்டெ ஆன்னெ'வை முதலிலும், பிரொய்சனின் கதையிலிருந்து எடுத்த படத்தை அடுத்தும், 'புஸ்டன்ஷோல்ட்'டைக் கடைசியிலும் பார்க்கலாம். கால வரிசையும் அதுதான். 1920-இல் கப்பலேறிய யோனையும் 1958-இல் வேலைக்கு ஓடி ஒளியும் யென்ஸையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஒரே மனிதனைப் பற்றி ஒரு நாடு நாற்பது ஆண்டுகளுக்குள் எவ்வளவு வேறாகப் பேசத் தொடங்கிவிட்டது என்பது தெரியும்.